அரிசி நிறைந்திருக்கிறது

ஜீயபுரம்
5-9-1965

அன்புத் தங்கச்சி வள்ளிக்கண்ணுக்கு அண்ணன் ராமர் ஆசீர்வாதத்தோடு எழுதுவது.

இங்கே நானும் மாடுகளும் சௌக்கியம். அங்கே நீ, மாப்பிள்ளை மருதை, பிள்ளைகள் வீராயியும் அம்மாசியும் எப்படி இருக்கிறீர்கள் என்று உடனே எழுது. வளைகாப்பு முடிந்த கையோடு உன் அண்ணி வேலம்மாளைப் பிரசவத்துக்கு ஸ்ரீரங்கத்தில் அவள் அம்மா வீட்டில் விட்டு வந்தேன். வளைகாப்புக்கு நீ வருவாய் என்று கடைசி பஸ் வரை பார்த்தேன். வரவில்லை. காரணம் எனக்குத் தெரியும்.

வைகாசியில் புத்தூர் சித்தப்பா வீட்டுக் காதுகுத்தில் இலை முன்னால் உட்கார்ந்த மாப்பிள்ளையை யாரோ எழுப்பி அடுத்த பந்திக்கு அனுப்பினார்கள். அதற்கு நான் என்ன செய்வேன்? இலை போட்டது நானா? "இனிமே உங்க வீட்டுப் பச்சத் தண்ணிகூட எங்களுக்கு வேணாம்" என்று அத்தனை பேர் நடுவில் என்னைப் பார்த்துச் சொன்னாரே, அது எனக்கு இனிக்குமா? அவர் வாயால் வா என்று கூப்பிடாமல் எடமலைப்பட்டி புதூருக்கு என் கால் வராது. கடுதாசிக்குக் கால் இல்லாததால் அது வருகிறது.

விஷயம் இதுதான். எனக்குச் சோறு பொங்க மட்டும் தெரியும். அதுவும் ஒருநாள் களியாகிறது, ஒருநாள் விதைத்தால் முளைக்கும் போல் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் கை நீட்ட எனக்கு இஷ்டமில்லை. வீட்டில் உள்ளதைச் சொல்கிறேன். மொடாவில் அரிசி இருக்கிறது. துவரம்பருப்பு ஒரு பானை, உளுந்து கொஞ்சம், புளி, மிளகாய் வற்றல், கருவாடு, மோர். கொல்லையில் வாழை நிற்கிறது. பூ, தண்டு, காய் எதற்கும் குறைவில்லை. உப்பு இல்லை, நாளை வாங்க வேண்டும். இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் தினம் என்னத்தைச் சமைப்பது? யோசித்து யோசித்துப் பசியே செத்துவிடுகிறது. நீதான் வழி சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
அண்ணன் ராமர்


எடமலைப்பட்டி புதூர்
11-9-1965

அன்புள்ள அண்ணனுக்கு வள்ளிக்கண்ணு வணக்கத்துடன் எழுதுவது.

உங்கள் கடிதம் வந்தது. இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அண்ணி நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்க ரெங்கநாதரை வேண்டிக்கொள்கிறேன். வளைகாப்புக்கு வராதது என் குற்றமில்லை. அதைப் பற்றி எழுத வேண்டாம். என் கடிதங்களை அவர்தான் தபாலில் போடுகிறார்.

முதலில் ஒன்று. "உப்பு இல்லை" என்று எழுதலாமா, அண்ணே? அதுவும் கடிதம் என் கைக்கு வந்தது வெள்ளிக்கிழமை. நம் அம்மா நம்மைக் கடைக்கு அனுப்பும்போது எப்படிச் சொல்வார்கள்? "உப்பு நிறைஞ்சிருக்கு, போய் வாங்கிட்டு வா" என்பார்கள். நீங்கள் கோலி விளையாடும் அவசரத்தில் காதில் வாங்கியிருக்க மாட்டீர்கள். இனி அப்படி எழுதாதீர்கள்.

அரிசி, பருப்பு, புளி, மோர், வாழை. இதை வைத்துக்கொண்டு "இவ்வளவுதான்" என்கிறீர்கள்! திங்கட்கிழமை வாழைக்காயை வட்டமாக நறுக்கி வறுத்துவிட்டுப் பருப்புக் குழம்பு வையுங்கள். மீதிப் பருப்பைக் கடைந்து மறுநாள் ரசம். அடுத்த நாள் வாழைத்தண்டை நறுக்கும்போதே நாரை விரலில் சுற்றி எடுத்து, மோரில் போட்டுப் பொரியல். இன்னொரு நாள் வாழைப்பூ. ஒவ்வொரு பூவிலும் நடுவில் இருக்கும் கள்ளனை எடுக்காமல் விட்டால் கசக்கும். உளுந்தை வறுத்துத் துவையல் அரைத்தால் இரண்டு நாளைக்கு வரும். ஒன்றில் மிஞ்சுவதை அடுத்ததில் சேர்க்கப் பழகுங்கள். அடுப்பங்கரை அப்படித்தான் ஓடும்.

அவர் தினமும் காலையில் மில்லுக்கென்று கிளம்பிப் போகிறார். நெல் வரத்து முன்போல் இல்லை என்று பேசிக்கொள்கிறார்கள். பிள்ளைகள் உங்களைக் கேட்டார்கள்.

அன்புத் தங்கை,
வள்ளிக்கண்ணு


ஜீயபுரம்
20-9-1965

தங்கச்சி வள்ளிக்கண்ணுக்கு ராமர் எழுதுவது. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, மனசுதான் சரியில்லை.

நீ எழுதியதை நம்பி அடுப்பில் இறங்கினேன். பருப்புக் குழம்பு என்றாய். புளியைக் கரைத்து ஊற்றி, கொதி வந்ததும் பருப்பைப் போட்டேன். காலையில் போட்டது, உச்சி வெயிலுக்கும் வேகவில்லை. ஒரு கட்டு விறகு சாம்பலானதுதான் மிச்சம். பருப்பு கூழாங்கல் மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. மாட்டுக்கு ஊற்றினேன். அது முகர்ந்துவிட்டு வைக்கோலுக்குத் திரும்பிவிட்டது. வாழைப்பூவில் கள்ளன், திருடன் எல்லாவற்றையும் தேடிப் பிடுங்கிப் பிடுங்கி விரலெல்லாம் கறுத்துப் போய், கடைசியில் கள்ளன் இந்தப் பக்கம், பூ குப்பையில் என்று மாற்றிப் போட்டுவிட்டேன். கள்ளனைத்தான் வதக்கித் தின்றேன். சிரிக்காதே.

உப்பு விஷயம் புரிந்தது. உப்பு லட்சுமி, அதை இல்லை என்று சொல்லக் கூடாது. இனி உப்புக்கு மட்டும் வாயைக் கட்டிக்கொள்கிறேன். பெருங்காயம் இல்லை, நல்லெண்ணெய் இல்லை, பொறுமையும் இல்லை.

நீ பாட்டுக்குத் திங்கள், செவ்வாய் என்று எழுதிவிடுகிறாய். எனக்கு அது சரிப்படாது. ஒன்று செய். உன் வீட்டில் நீ தினம் என்ன சமைக்கிறாயோ அதை அப்படியே எழுது. நானும் அதையே சமைத்துத் தின்கிறேன். மாப்பிள்ளை ரைஸ் மில்லில் இருக்கிறார், உனக்குக் கை வீச்சு அதிகம் இருக்கும். உன்னைப் போலவே நானும் சாப்பிட்டுவிட்டுப் போகிறேன்.

அண்ணன்,
ராமர்


எடமலைப்பட்டி புதூர்
4-10-1965

அண்ணனுக்கு வள்ளிக்கண்ணு. எல்லோரும் இருக்கிறோம். நீங்களும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

புளி விட்ட தண்ணீரில் பருப்பு எந்தக் காலத்திலும் வேகாது. பருப்பு வெந்து மசிந்த பிறகுதான் புளி. இதைக்கூட எழுத வேண்டுமா என்று விட்டுவிட்டேன். ஒரு கட்டு விறகையும் அவ்வளவு பருப்பையும் மாட்டுத் தொட்டியில் கொட்டியதைப் படித்த அன்று எனக்கு உங்கள் மேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. கொட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசித்திருக்கக் கூடாதா?

என் வீட்டில் என்ன சமையல் என்று கேட்டிருக்கிறீர்கள். நேற்று முருங்கைக்கீரை. முந்தாநாளும் அதுதான். பின்பக்கம் மரம் நிற்பதால் சௌகரியமாக இருக்கிறது. கீரையை உருவி மிளகாய் கிள்ளிப் போட்டு வதக்க வேண்டியது. அரிசியை நொய்யாக உடைத்துக்கொண்டு, தண்ணீரைத் தாராளமாக விட்டு, வடிக்காமல் கஞ்சியாகவே இறக்கிவிடுங்கள். ஒரு பிடி அரிசி போதும், நான்கு பேர் சாப்பிடலாம். பிள்ளைகளுக்கு இப்போது அதுதான் பழகியிருக்கிறது. மாலையில் ஏதாவது மிஞ்சினால் அதுவே ராத்திரிக்கு.

இவ்வளவுதான் என் சமையல். நீங்கள் கேட்டதால் எழுதினேன்.

வள்ளிக்கண்ணு


ஜீயபுரம்
16-10-1965

தங்கச்சிக்கு ராமர். இங்கே மழை பிடித்துக்கொண்டது. அங்கே பிள்ளைகளுக்குச் சளி, காய்ச்சல் இல்லாமல் பார்த்துக்கொள்.

நான் கேட்டது சமையல். நீ எழுதியது காய்ச்சல்காரனுக்குப் பத்தியம். ஒண்டிக்கட்டையாக இருக்கிற எனக்கு ஒரு பிடி அரிசியில் நாலு பேர் கஞ்சி எதற்கு? இரண்டு நாள் குடித்துப் பார்த்தேன். ஏர் ஓட்டப் போனால் மாட்டுக்கு முன்னால் நான் படுத்துவிடுவேன் போல் இருந்தது. அண்ணன் மேல் உள்ள கோபத்தைக் கஞ்சியில் காட்டாதே. மாப்பிள்ளை ரோஷத்துக்கு நீ ஒத்து ஊதுகிறாய் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தீபாவளி வருகிறது. என் கையால் கொடுத்தால்தான் மாப்பிள்ளைக்கு ஆகாது. அதனால் காந்தி மார்க்கெட்டுக்கு வாழைத்தார் ஏற்றிக்கொண்டு வரும் பிச்சமுத்துவிடம் ஒரு கூடை வாழைக்காய் கொடுத்தனுப்புகிறேன். மரத்தில் காய்த்தது, காசு கொடுத்து வாங்கியதில்லை என்று சொல்லிவிடு. கூடையைத் திருப்பி அனுப்பும்போது கொஞ்சம் துவரம்பருப்பு போட்டு அனுப்பு. இங்கே என் கைங்கரியத்தில் பானை காலியாகிவிட்டது. ஊரெல்லாம் அரிசிக்கும் பருப்புக்கும் அலைகிறார்களாம். உனக்கென்ன, மில்லுக்காரர் பெண்டாட்டி. அங்கே அரிசி, பருப்பெல்லாம் எப்படி இருக்கிறது என்று எழுது.

ராமர்


எடமலைப்பட்டி புதூர்
27-10-1965

அன்புள்ள அண்ணனுக்கு வள்ளிக்கண்ணு வணக்கம். தீபாவளி நல்லபடியாகப் போயிற்று. அண்ணிக்கு மாதம் நிறைந்திருக்குமே, தாயும் பிள்ளையுமாகக் கண்ணில் காண வேண்டும்.

வாழைக்காய் வந்தது. காயை அவித்தோம், தோலைத் துவட்டினோம். ஒன்றும் வீணாகவில்லை.

நீங்களே கேட்டிருப்பதால் எழுதுகிறேன், அண்ணே. கார்டில் எழுதுவதால் சுருக்கமாக எழுதுகிறேன். இங்கே அரிசி நிறைந்திருக்கிறது. பருப்பு நிறைந்திருக்கிறது. எண்ணெயும் நிறைந்திருக்கிறது. ஆவணியிலிருந்தே இப்படித்தான். அண்ணனுக்கு இதற்கு மேல் விவரமாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நம்புகிறேன்.

கூடையை வெறுமையாக அனுப்பக் கூடாது என்று ஒரு துண்டு மஞ்சள் வைத்திருக்கிறேன். பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
வள்ளிக்கண்ணு


ஜீயபுரம்
5-11-1965

தங்கச்சி வள்ளிக்கண்ணுக்கு அண்ணன் ராமர் எழுதுவது. நான் நலம். உன் கார்டைப் பார்த்து மெத்தச் சந்தோஷம்.

ஊரே அரிசிக்குப் பறக்கும்போது என் தங்கச்சி வீட்டில் எல்லாம் நிறைந்திருக்கிறது என்று படித்ததும் நெஞ்சு குளிர்ந்தது. மாப்பிள்ளைக்கு வாய் நீளமானாலும் சாமர்த்தியக்காரர்தான். அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

ஆனால் ஒன்று சொன்னால் கோபிக்காதே. அரிசியும் பருப்பும் எண்ணெயும் நிறைந்து கிடக்கும்போது, வாய் விட்டுக் கேட்ட அண்ணனுக்கு ஒரு படி பருப்பு போட்டு அனுப்ப உனக்கு மனசு வரவில்லையே! கூடைக்குள் கையை விட்டுத் துழாவினேன். ஒரு துண்டு மஞ்சள்! நான் என்ன மஞ்சள் பூசியா குளிக்கப் போகிறேன்? பிச்சமுத்துகூட, "தங்கச்சி கை ரொம்பத் தாராளம்ங்க" என்று சிரித்தான். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பொங்கல் சீருக்கு இந்தத் தடவை அரிசி வைக்கப் போவதில்லை. உன் வீட்டில் இருப்பதை வைக்கவே இடம் இருக்காது. ஒரு வாழைத்தாரும் நாலு கரும்பும் போதும் என்று நினைக்கிறேன். நீ என்ன சொல்கிறாய்?

ராமர்


ஜீயபுரம்
26-11-1965

தங்கச்சிக்கு. நான் எழுதி இருபது நாளாகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. மஞ்சளைப் பற்றி எழுதியதற்கா இவ்வளவு? அண்ணன் தங்கச்சிக்குள் அதைக்கூடச் சொல்லக் கூடாதா?

போகட்டும். உனக்கு மருமகள் பிறந்திருக்கிறாள். தாயும் சேயும் ஸ்ரீரங்கத்தில் சுகம். உன் அண்ணி வீட்டார், அத்தைக்காரி எப்போது வருவாள் என்று கேட்கிறார்கள். நான் என்ன சொல்ல? மாப்பிள்ளைக்கு என் மேல் கோபம், உனக்கு என் மேல் கோபம். பச்சைப் பிள்ளை மேலுமா?

நான் இப்போது சோறும் மோரும் ஊறுகாயுமாகக் காலம் தள்ளுகிறேன். மொடா நிறைய அரிசியை வைத்துக்கொண்டு இப்படி ஒரு வாழ்க்கை. உளுந்தில் வண்டு வைத்துவிட்டது. என்ன செய்வது என்று கேட்டாலாவது எழுதுவாயா?

ராமர்


எடமலைப்பட்டி புதூர்
13-12-1965

மரியாதைக்குரிய அண்ணன் அவர்களுக்கு வள்ளிக்கண்ணு எழுதிக்கொண்டது.

குழந்தை பிறந்த செய்தியைப் படித்து மகிழ்ந்தோம். அத்தை வெறும் கையோடு வந்து பார்க்கக் கூடாது என்பதால் வரவில்லை. குழந்தை தீர்க்காயுசாக இருக்கட்டும்.

தங்கள் முந்தைய கடிதமும் கிடைத்தது. நாங்கள் இருக்கும் இருப்பைக் கேட்டுத் தங்களுக்கு மெத்தச் சந்தோஷம் என்று எழுதியிருந்ததையும் படித்தோம். தங்கள் சந்தோஷத்துக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. பொங்கலுக்கு வாழைத்தாரும் வேண்டாம், கரும்பும் வேண்டாம்.

திங்கட்கிழமை ராத்திரிச் சாப்பாட்டை எல்லோரும் விட வேண்டும் என்று ரேடியோவில் சொன்னார்களாம். நாங்கள் அவர்கள் சொல்வதற்கு முன்பே தொடங்கிவிட்டோம். எங்களுக்குக் கிழமைக் கணக்கும் கிடையாது.

வீராயிக்கு இப்போது பரவாயில்லை. எழுந்து உட்காருகிறாள்.

வண்டு வைத்த உளுந்தை வெயிலில் காயப் போட்டுப் புடையுங்கள். மற்ற சமையல் சந்தேகங்களை இனி அண்ணியிடம் கேட்டுக்கொள்ளவும்.

வள்ளிக்கண்ணு


ஜீயபுரம்
18-12-1965

வேலம்மாளுக்கு ராமர் எழுதுவது. நீயும் குழந்தையும் சுகந்தானே? பத்தியம் தவறாமல் சாப்பிடு. தை பிறந்ததும் வந்து கூட்டிப் போகிறேன்.

இந்த வள்ளிக்கண்ணு செய்கிற காரியத்தை யாரிடம் சொல்லி ஆறுவது? நான் என்ன தப்புச் செய்தேன் என்று நீயே சொல். வீட்டில் அரிசி பருப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "அரிசி நிறைந்திருக்கிறது, பருப்பு நிறைந்திருக்கிறது, எண்ணெயும் நிறைந்திருக்கிறது, ஆவணியிலிருந்தே இப்படித்தான்" என்று கார்டில் எழுதினாள். மெத்தச் சந்தோஷம் என்று பதில் போட்டேன். அவ்வளவு நிறைவாக இருந்தும் நான் கேட்ட ஒரு படி பருப்பு வரவில்லை, கூடையில் ஒரு துண்டு மஞ்சள்தான் வந்தது. அதைத் தமாஷாக எழுதினேன். உடனே "மரியாதைக்குரிய அண்ணன் அவர்கள்" என்று வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒரு கடுதாசி. சீர் வேண்டாமாம். வீராயிக்கு என்னவோ பரவாயில்லையாம். என்ன உடம்பு என்றுகூடச் சொல்லவில்லை. நான் இனி அவளுக்கு எழுதப் போவதில்லை. நாலு காசு சேர்ந்தால் ஜனங்கள் இப்படித்தான் மாறிவிடுவார்கள் போலிருக்கிறது.

ராமர்


ஸ்ரீரங்கம்
21-12-1965

மாமாவுக்கு வேலம்மாள் எழுதுவது. நானும் பிள்ளையும் நன்றாக இருக்கிறோம். அவளை மடியில் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். எழுத்துக் கோணல் அதனால் மட்டும் இல்லை, ஆத்திரத்தாலும்தான்.

உங்களுக்குப் புத்தி கித்தி இருக்கிறதா? அரிசி நிறைஞ்சிருக்கு என்றால் அரிசி இல்லை என்று அர்த்தம்! உப்புக்கு மட்டும்தான் அந்தப் பேச்சு என்று உங்களுக்கு யார் சொன்னது? அடுப்பங்கரையில் இருக்கிற எதையும் பொம்பளை வாய் இல்லை என்று சொல்லாது. அரிசிக்கும் அதே சொல்தான், பருப்புக்கும் அதேதான், மஞ்சள் குங்குமத்துக்கும் அதேதான். நம் வீட்டு மொடா ஒரு நாளும் அடிதட்டியது கிடையாது. அதனால் நான் உங்களிடம் அப்படிச் சொல்ல நேர்ந்ததில்லை. அந்தப் புண்ணியத்தில்தான் உங்களுக்கு ஒன்றும் தெரியாமல் போயிற்று.

ஆவணியிலிருந்து அந்த வீட்டில் அரிசி இல்லை, மாமா. மில் ஓடவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. "மில்லுக்கென்று கிளம்பிப் போகிறார்" என்று எழுதியிருந்ததாக முன்பு எனக்கு எழுதினீர்களே, அதற்கு என்ன அர்த்தம்? ஒரு பிடி நொய்யில் நாலு பேர் கஞ்சி என்று எழுதியதையும் சொன்னீர்களே, அதற்காவது உங்களுக்கு உறைக்கவில்லையா? உங்கள் தங்கச்சி தெருவே படிக்கிற கார்டில், புருஷன் போட்ட தடையையும் மீறாமல், வாய் திறந்து பசிக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். நீங்கள் மெத்தச் சந்தோஷம் என்று பதில் போட்டிருக்கிறீர்கள். பருப்பு வேறு கேட்டிருக்கிறீர்கள். அந்த மஞ்சள் துண்டு அவள் வீட்டில் கடைசியாக இருந்ததோ என்னவோ. படித்துவிட்டு எனக்குப் பால்கூடச் சுரக்கவில்லை.

இப்போது நான் சொல்கிறபடி செய்யுங்கள். பொங்கல் வரை காத்திருக்க வேண்டாம். அரிசி மூட்டையை மட்டும் தூக்கிக்கொண்டு போய்த் தானம் கொடுக்க வந்தவர் மாதிரி நிற்காதீர்கள். மருதை அண்ணன் திருப்பி அனுப்பிவிடுவார். நம் அடுப்பங்கரையில் என்னென்ன இருக்கிறதோ எல்லாவற்றையும் அள்ளிக் கட்டுங்கள். வண்டு வைத்த உளுந்தையும் விடாதீர்கள். மாட்டைப் பிச்சமுத்துவிடம் ஒப்படைத்துவிட்டுப் போய், "எனக்குச் சமைக்கத் தெரியல, தங்கச்சி. எல்லாம் கிடந்து பாழாகுது. நீ பொங்கிப் போடு, நான் சாப்பிடணும்" என்று சட்டமாக உட்காருங்கள். அது பொய்யும் இல்லை. அவர் கூப்பிட்டால்தான் கால் வரும் என்றீர்களே, அந்தக் காலைப் பற்றி இனி ஒரு வார்த்தை என் காதில் விழக் கூடாது.

போய்விட்டு வந்து எழுதுங்கள். மெத்தச் சந்தோஷம் என்று மட்டும் எழுதாதீர்கள்.

வேலம்மாள்


எடமலைப்பட்டி புதூர்
4-1-1966

அன்புள்ள அண்ணனுக்கு வள்ளிக்கண்ணு வணக்கம். நீங்கள் நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்ததாகப் பிச்சமுத்து சொன்னார். இங்கே வீராயி நேற்றிலிருந்து தெருவில் ஓடுகிறாள். அம்மாசி மூன்று வேளையும், "மாமா இன்னொரு தடவ எப்போ வரும்?" என்று கேட்கிறான்.

நேரில் உங்களிடம் சரியாகப் பேச முடியவில்லை. நீங்கள் இருந்த நேரமெல்லாம் எனக்கு அழுகையும் அடுப்புமாகவே போய்விட்டது. "முன்னாடியே சொல்லியிருக்கலாமே, வள்ளி" என்றீர்கள். அண்ணே, நான் வேறு எப்படிச் சொல்ல? அம்மா சொன்ன மாதிரிதானே சொன்னேன். அது உங்களுக்குப் புரிந்தும் புரியாத மாதிரி இருந்துவிட்டீர்கள் என்றுதான் அத்தனை நாளும் நினைத்தேன். உங்களுக்குப் புரியவே இல்லை என்று அண்ணி எழுதித்தான் எனக்குத் தெரிகிறது. கோபம் முழுக்கத் தீரவில்லை. உளுந்து வடை சுடுகிறபோதெல்லாம் கொஞ்சம் குறைகிறது.

நீங்கள் மூட்டைகளை இறக்கிவிட்டு, சமைக்கத் தெரியவில்லை என்று சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. எல்லாவற்றையும் வாரி வெளியே போடப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் பக்கத்து வீட்டுக் கொல்லைக்குப் போய் இலை அறுத்துக்கொண்டு வந்தார். "மச்சான், நீங்க முதல்ல உக்காருங்க" என்று அவர் கையால் உங்களுக்கு இலை போட்டாரே, அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

உங்களுக்குத் தெரியாத ஒன்றை இப்போது சொல்கிறேன். மில்லை மூடியது ஆவணியில். அது உங்களுக்குத் தெரியும். அந்தக் கார்டை, அரிசி நிறைந்திருக்கிறது என்று எழுதிய கார்டை, அவர் படித்தார். நான் எழுதி வைத்துவிட்டு அடுப்பு ஊதிக்கொண்டிருந்தேன். கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். "இப்படி எழுதியிருக்கியே?" என்றார். "நான் இல்லைன்னு எழுதலையே" என்றேன். கிழித்துப் போடப் போகிறார் என்று பார்த்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு போய்த் தபாலில் போட்டுவிட்டு வந்தார்.

அதன் பிறகு தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் நின்றது நான் இல்லை, அண்ணே. அவர்தான். உங்கள் பதிலையும் அவர்தான் வாங்கி முதலில் படித்தார். "உங்க அண்ணனுக்கு மெத்தச் சந்தோஷமாம்" என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனவர் அன்று முழுக்க வீட்டுக்கு வரவில்லை. நான் பசியைப் பொறுத்துக்கொண்டேன். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மில்லை இந்த மாதக் கடைசியில் திறக்கப் போவதாகச் சொல்கிறார்கள். அதுவரை மார்க்கெட்டில் மூட்டை இறக்கப் போகிறார். அண்ணியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு பொங்கலுக்கு இங்கேயே வந்துவிடுங்கள். வரும்போது பொங்கலுக்கு என்ன கொண்டுவரட்டும் என்று கேட்டிருந்தீர்கள். நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. கீழே கொஞ்சம் இடம் விடச் சொன்னார், விடுகிறேன்.

அன்புத் தங்கை,
வள்ளிக்கண்ணு

மச்சானுக்கு மருதை வணக்கம். இதையும் நான்தான் தபாலில் போடுகிறேன். அவசியம் எல்லோரும் வரவும். வெல்லம் நிறைந்திருக்கிறது.